ரேம் எப்போதும் நிரம்பியே இருப்பது ஏன்? டிஸ்க் கேஷைப் பார்க்கவும் சோதிக்கவும் ஒரு வழிகாட்டி

"8 ஜிபி ரேம் போட்டும் 300 எம்பிதாங்க ஃப்ரீயா காட்டுது, இன்னொரு ஸ்டிக் வாங்கிடலாமா?"

ஐந்து ரோடு பக்கத்து போட்டோ ஸ்டூடியோவோ, லீ பஜார் மண்டியில் பில் போடும் மேசையோ, சேலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருபவர் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி இது. பெரும்பாலும் பதில், "வேண்டாங்க" என்பதுதான். அந்த 8 ஜிபியில் பெரும்பகுதி, டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்த ஃபைல்களின் நகலாக இருக்கும். வேறு புரோகிராம் இடம் கேட்டால் சிஸ்டம் அந்த நகலைத் தூக்கி எறிந்துவிட்டு இடம் கொடுக்கும். இதைத்தான் டிஸ்க் கேஷ் என்கிறோம். லினக்ஸ் ஆட்கள் பேஜ் கேஷ் என்பார்கள்.

அதே கேஷ், எழுதும்போது வேறு முகம் காட்டும். பென்டிரைவில் காப்பி முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் ஃபைலின் ஒரு பகுதி ரேமிலேயே கிடக்கலாம். படிக்கும்போது கேஷ் என்பது கைக்கு எட்டும் இடத்தில் வைத்த சரக்கு. எழுதும்போது அது இன்னும் அடைக்காத பாக்கி. சரக்கு தொலைந்தால் மறுபடி டிஸ்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், பாக்கி தொலைந்தால் தொலைந்ததுதான். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றியே வரும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி மேற்கோள் குறிக்குள் தந்திருக்கிறோம். கீபோர்டில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கோடு, புள்ளி, சாய்கோடு, இடைவெளி எல்லாம் இங்கே இருப்பது போலவே இருக்க வேண்டும். மேற்கோள் குறியைத் தட்ட வேண்டாம்.

நகல் எதற்கு?

நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். அதற்கு முன் ஊசி தாங்கிய கை நகர்ந்து அந்தத் தடத்துக்கு வர இன்னொரு 8 மில்லி விநாடி. ஆக, சிதறிக் கிடக்கும் ஒரு சின்னத் துண்டைப் படிக்க ஏறக்குறைய 12 மில்லி விநாடி. ரேமில் அதே வேலை சுமார் 100 நானோ விநாடி. ரேம் எடுக்கும் நேரத்தை 1 விநாடி என்று வைத்துக்கொண்டால் ஹார்ட் டிஸ்க் எடுப்பது 33 மணி நேரம். எஸ்எஸ்டி என்றால் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எஸ்எஸ்டி போட்ட மெஷினிலும் கேஷ் தேவைப்படுவதற்குக் காரணம் இதுதான்.

ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து மிளகு கொண்டுவருவதாக நினையுங்கள். ஒவ்வொரு மிளகு மணிக்கும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்க யாருக்கும் மனம் வராது. ஏறியதுதான் ஏறினோம், ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவோம். சிஸ்டமும் அதையே செய்கிறது. ரேமை 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கும். நீங்கள் ஃபைலின் தொடக்கத்தில் ஒரு பக்கம் கேட்டால், வரிசையாகப் படிக்கப்போகிறீர்கள் என்று ஊகித்து அடுத்தடுத்த பக்கங்களையும் சேர்த்து வாங்கும். லினக்ஸில் இந்த முன்வாசிப்பின் வழக்கமான உச்ச வரம்பு 128 கேபி, அதாவது 32 பக்கம். வீடியோ தடங்கலில்லாமல் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயிரக்கணக்கான சின்ன போட்டோக்கள் உள்ள போல்டரை முதல் முறை திறக்கும்போது ஹார்ட் டிஸ்க் திணறுவதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. அங்கே ஊகித்து முன்கூட்டி எடுக்க நீளமான வரிசை இல்லை.

முதலில் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

லினக்ஸ் மெஷினில் டெர்மினலைத் திறந்து "ஃப்ரீ -எம்" தட்டுங்கள். எண்கள் எம்பி கணக்கில் வரும். 8 ஜிபி மெஷினில் உதாரணத்துக்கு இப்படி இருக்கும்: டோட்டல் 7800, யூஸ்டு 2100, ஃப்ரீ 300, பஃப்/கேஷ் 5400, கடைசியில் அவைலபிள் 5300. (புதிய பதிப்புகள் சிலவற்றில் யூஸ்டு என்பதை வேறு விதமாகக் கணக்கிடுவதால் நடு எண்களைக் கூட்டினால் டோட்டல் வராது. பதற வேண்டாம்.)

வாடிக்கையாளர் கண் ஃப்ரீ என்ற 300 மேல் விழும். உங்கள் கண் அவைலபிள் மேல் விழ வேண்டும். புதிய புரோகிராம் ஒன்றைத் திறந்தால், ஸ்வாப்பை (ரேம் போதாதபோது பயன்படுத்த டிஸ்கில் ஒதுக்கிய இடம்) தொடாமல் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற மதிப்பீடு அது. 2014இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே இந்த எண்ணைத் தருகிறது. அதற்கு முன் ஃப்ரீயையும் கேஷையும் கூட்டி ஒரு கணக்குப் போடுவார்கள். அது கொஞ்சம் தாராளக் கணக்கு. கேஷ் என்று காட்டுவதில் ரேமையே டிஸ்க் போலப் பயன்படுத்தும் தற்காலிகப் போல்டர்களும், புரோகிராம்கள் தங்களுக்குள் பகிரும் நினைவகமும் அடக்கம். அவற்றை அப்படியே தூக்கி எறிய முடியாது.

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் "ரெஸ்மான்" என்று தட்டி ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி தாவலுக்குப் போங்கள். கீழே ஒரு பட்டை. பச்சை, புரோகிராம்கள் பயன்படுத்துவது. ஆரஞ்சு, மாற்றப்பட்டு இன்னும் டிஸ்குக்குப் போகாதது. அடர்நீலம், ஸ்டாண்ட்பை. வெளிர்நீலம், உண்மையிலேயே காலி. ஸ்டாண்ட்பைதான் நாம் தேடும் கேஷ். அதையும் காலியையும் கூட்டினால் அவைலபிள். பட்டை முழுக்க அடர்நீலமாக இருந்தால் அந்த மெஷின் நன்றாக இருக்கிறது.

கண்ணால் கண்டு நம்ப ஒரு சோதனை

1 ஜிபி அளவில் ஒரு வீடியோ ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள லினக்ஸ் மெஷினாக இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

1. "சிங்க்" தட்டி, முடியும்வரை காத்திருங்கள். எழுத வேண்டிய பாக்கி எல்லாம் டிஸ்குக்குப் போகட்டும்.

2. "சூடோ சிஸ்சிடிஎல் விஎம்.ட்ராப்_கேஷஸ்=1" என்று தட்டுங்கள். படித்து வைத்த நகல்கள் காலியாகும். 1 என்றால் ஃபைல் பக்கங்கள் மட்டும், 2 என்றால் போல்டர், ஃபைல் பெயர் விவரங்கள், 3 என்றால் இரண்டும். எழுதாத பாக்கியை இந்தக் கட்டளை தொடாது என்பதால் டேட்டா போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்.

3. "டைம் கேட் வீடியோபெயர் > /டெவ்/நல்" தட்டுங்கள். ஃபைல் முழுவதும் படிக்கப்பட்டு எங்கும் எழுதப்படாமல் போகும். விநாடிக்கு 120 எம்பி படிக்கும் டிஸ்க் என்றால் 8, 9 விநாடி ஆகும்.

4. அதே கட்டளையை மறுபடி தட்டுங்கள். அரை விநாடிகூட ஆகாது. டிஸ்க் விளக்கும் சிமிட்டாது.

5. "ஃபின்கோர் வீடியோபெயர்" தட்டினால் அந்த ஃபைலில் எவ்வளவு ரேமில் இருக்கிறது என்று காட்டும்.

தவறு நடக்கும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். 3ஆம் படியில் "கேட்" என்பதற்குப் பதிலாக, ஃபைல்களை மூட்டை கட்டும் "டார்" பயன்படுத்தி வெளியீட்டை /டெவ்/நல்லுக்கு அனுப்பினால், எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு அந்தப் புரோகிராம் ஃபைலைப் படிக்காமலேயே தாண்டிவிடும். முதல் முறையே மின்னல் வேகம் காட்டி உங்களை ஏமாற்றும். புதிதாக வாங்கிய எஸ்எஸ்டியின் வேகத்தைச் சோதிக்கிறேன் என்று ஒரே ஃபைலை இரண்டு முறை காப்பி செய்து, இரண்டாவது எண்ணைக் கடைக்காரரிடம் காட்டுபவர்களும் உண்டு. அவர்கள் அளந்தது எஸ்எஸ்டியை அல்ல, ரேமை. சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பிக்குச் சற்று மேல் போகாது, வயரே அவ்வளவுதான் தாங்கும். அதற்கு மேல் எண் வந்தால் நடுவில் கேஷ் நிற்கிறது.

இன்னொன்று: 2ஆம் படியை வியாபார நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் செய்யாதீர்கள். அடுத்த சில நிமிடம் எல்லா மேசையிலும் "சிஸ்டம் ஸ்லோ" என்ற குரல் கேட்கும். மணிக்கொரு தடவை கேஷைக் காலி செய்யும்படி யாராவது ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ரேம் கிளீனர், பூஸ்டர் என்ற பெயரில் வரும் மென்பொருள்களும் இதே வகைதான். தட்டுவடை செட் வண்டிக்காரர், துருவிய கேரட்டையும் பீட்ரூட்டையும் பத்து நிமிடத்துக்கொரு முறை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, "பாத்திரம் எவ்வளவு காலியா இருக்கு பாருங்க" என்பாரா?

இடம் போதாதபோது எது வெளியேறும்?

எளிய பதில், நெடுநேரம் யாரும் தொடாதது. ஆனால் அதை மட்டும் வைத்து நடத்தினால் ஒரு சிக்கல் வரும். இரவு பேக்கப் ஓடி 200 ஜிபியை ஒரே ஒருமுறை படித்தால், நாள் முழுக்கப் பயன்பட்ட பில்லிங் ஃபைல்கள் எல்லாம் வெளியே போய், இனி யாரும் கேட்காத பேக்கப் துண்டுகள் ரேமில் உட்கார்ந்திருக்கும். அதனால் லினக்ஸ் வெகுகாலமாக இரண்டு பட்டியல் வைத்திருந்தது. முதல் முறை படித்த பக்கம் திண்ணையில் உட்காரும். இரண்டாம் முறை கேட்கப்பட்டால்தான் வீட்டுக்குள் போகும். வெளியேற்ற வேண்டி வந்தால் முதலில் திண்ணையில் இருப்பவர்கள். 2022 கடைசியில் வந்த 6.1 கெர்னலில், பக்கங்களைப் பல தலைமுறைகளாகப் பிரிக்கும் புதிய முறையும் சேர்ந்தது.

இதில் ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும். ரேம் 8 ஜிபி, வீடியோ எடிட்டர் திரும்பத் திரும்ப முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்க்கும் ஃபைல் 12 ஜிபி. கடைசிப் பகுதி வரும்போது முதல் பகுதிக்கு இடமில்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் முதல் பகுதி வர, கடைசிப் பகுதி போகும். எத்தனை முறை ஓட்டினாலும் டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த இடத்தில் 16 ஜிபி ஆக்கினால் "கொஞ்சம் வேகம்" அல்ல, தலைகீழ் மாற்றம் தெரியும். ஃபைல் 40 ஜிபி என்றால் 16 ஜிபியும் பெரிதாக உதவாது, எஸ்எஸ்டிதான் வழி.

ரேமா எஸ்எஸ்டியா என்று முடிவெடுக்க "விஎம்ஸ்டாட் 1" ஓடவிட்டு, வாடிக்கையாளரை வழக்கமான வேலையைச் செய்யச் சொல்லுங்கள். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது மெஷின் ஆன் ஆனதிலிருந்து உள்ள சராசரி. எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது, ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) என்ற இரண்டு பத்தியிலும் தொடர்ந்து எண் ஓடினால் ரேம் உண்மையிலேயே போதவில்லை. அவை 0 ஆக இருந்து, டிஸ்கிலிருந்து படிப்பதைக் காட்டும் பிஐ மட்டும் முதல் முறை எகிறி, அதே ஃபைலை மறுபடி திறக்கும்போது 0க்கு வந்தால் கேஷ் ஒழுங்காக வேலை செய்கிறது. முதல் முறை தாமதம்தான் குறை என்றால் எஸ்எஸ்டி மாற்றுங்கள். ஸ்வாப்பே இல்லாத மெஷினில் எஸ்ஐ, எஸ்ஓ எப்போதும் 0தான் காட்டும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அங்கே ரேம் வற்றினால் புரோகிராமின் சொந்தப் பக்கங்களே கேஷிலிருந்து வெளியேறி, மறுபடி படிக்கப்பட்டு, மறுபடி வெளியேறும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகராது.

டேட்டாபேஸ் சர்வர் இருந்தால் மட்டும் தனிக் கவனம் தேவை. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி, போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இரண்டும் சொந்தமாகக் கேஷ் வைத்துக்கொள்ளும். இரண்டிலும் எதையும் மாற்றாமல் விட்டால் அது 128 எம்பி. அதை உயர்த்தும்போது சிஸ்டம் கேஷுக்கும் இடம் விடுங்கள்.

எழுதும் பக்கம்: பாக்கியை அடைக்கும் வரை

புரோகிராம் ஒரு ஃபைலை எழுதினால் லினக்ஸ் அதை ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு "முடிந்தது" என்று சொல்லிவிடும். அந்தப் பக்கங்களுக்கு டர்ட்டி என்று பெயர். 5 விநாடிக்கு ஒரு முறை ஒரு வேலையாள் எழுந்து பார்த்து, 30 விநாடிக்கு மேல் கிடப்பதை டிஸ்குக்கு அனுப்புவான். பாக்கி, கொடுக்கக்கூடிய ரேமில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பின்னணியில் எழுத ஆரம்பிப்பான். 20 சதவீதத்தைத் தொட்டால் எழுதும் புரோகிராமையே நிறுத்தி வைப்பான். இவை எதையும் மாற்றாமல் விட்டால் கெர்னலில் இருக்கும் அளவுகள். சில டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் தொகுப்புகள்) மாற்றி வைத்திருக்கலாம்.

மேலே சொன்ன மெஷினில் அவைலபிள் 5300 எம்பி. அதில் 20 சதவீதம் 1 ஜிபிக்குச் சற்று மேல். விநாடிக்கு 8 எம்பி எழுதும் மலிவு பென்டிரைவில் அதை அடைக்க 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு போட்டோகிராபர், கல்யாண ஆல்பத்தை லேபுக்குக் கொண்டுபோக 2 ஜிபி காப்பி போடுகிறார். பட்டை சர்ரென்று பாதியைத் தாண்டும், பிறகு நத்தை போல நகரும், ஒரு கட்டத்தில் முடிந்துவிட்டதாகக் காட்டும். பிடுங்கிக்கொண்டு வண்டியை எடுக்கிறார். லேபில் கடைசி 60 போட்டோ பாதி சாம்பல் நிறமாகத் திறக்கிறது. பென்டிரைவ் போலி என்று சண்டை. பென்டிரைவ் பாவம், அதற்கு வந்து சேராததை அது எப்படி வைத்திருக்கும்?

செய்ய வேண்டியது: காப்பி ஓடும்போது இன்னொரு டெர்மினலில் "வாட்ச் -என்1 கிரெப் -ஐ டர்ட்டி /ப்ராக்/மெம்இன்ஃபோ" ஓடவிடுங்கள். பாக்கி கேபி கணக்கில் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். முடிந்தபின் "சிங்க்" தட்டுங்கள், டெர்மினல் திரும்பி வரும்வரை கை வைக்காதீர்கள். பிறகு இஜெக்ட். இஜெக்ட் நேரம் எடுத்தால் அது ஹேங் அல்ல, பாக்கி அடைபடுகிறது.

தினமும் பென்டிரைவில் கொட்டும் மெஷினாக இருந்தால் பாக்கிக்கு வரம்பு போடலாம். "விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_பைட்ஸ்=16777216", "விஎம்.டர்ட்டி_பைட்ஸ்=50331648" என்ற இரண்டு வரிகளை /இடிசி/சிஸ்சிடிஎல்.டி போல்டரில் .கான்ஃப் என்று முடியும் ஒரு ஃபைலில் எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 16 எம்பியில் எழுதத் தொடங்கும், 48 எம்பியில் நிறுத்தும். காப்பி பட்டை அதன்பின் ஏறக்குறைய உண்மை பேசும். பைட்ஸ் கணக்கைக் கொடுத்தால் சதவீதக் கணக்கு தானாக 0 ஆகிவிடும், இரண்டும் சேர்ந்து இயங்காது. இது எல்லா டிஸ்குக்கும் பொருந்தும் வரம்பு என்பதால், பெரிய ஃபைல்களை உள் டிஸ்கில் எழுதும் எடிட்டிங் மெஷினில் போட வேண்டாம்.

விண்டோஸ் 10இல் 1809 பதிப்பிலிருந்து வெளி டிரைவ்களுக்கு "குவிக் ரிமூவல்" வழக்கமாக ஆன் செய்யப்பட்டிருக்கும், அதாவது எழுதும் கேஷ் இல்லை. டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவின் பிராப்பர்ட்டீஸ், பாலிசீஸ் தாவலில் பார்க்கலாம். யாராவது "பெட்டர் பெர்ஃபாமன்ஸ்" என்று மாற்றியிருந்தால் சேஃப்லி ரிமூவ் கட்டாயம். எப்படி இருந்தாலும் விளக்கு சிமிட்டும்போது பிடுங்காதீர்கள்.

ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் இன்னொரு பொறி உண்டு. விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆக இருந்தால், ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். டிரைவ் பற்றி விண்டோஸ் நினைவில் வைத்திருந்தவை அப்படியே ஃபைலில் சேமிக்கப்படும். நடுவில் லினக்ஸ் போய் அதே பார்ட்டிஷனில் எழுதினால், விண்டோஸ் திரும்பி எழும்போது அதன் கையில் இருப்பது பழைய கணக்கு. அதனால்தான் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அல்லது பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள்.

கரண்ட் போகும்போது

மழை நாளில் ஏற்காட்டில் மரக்கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும். அந்த நொடியில் ரேமில் இருந்த பாக்கி முழுவதும் போகும். டிஸ்குக்குள்ளேயே இருக்கும் சின்ன ரேமில் நிற்பதும் போகும். இஎக்ஸ்டி4, என்டிஎஃப்எஸ் போன்ற ஃபைல் அமைப்புகள் ஜர்னல் (செய்யும் மாற்றங்களின் குறிப்பேடு) வைத்திருப்பதால் டிரைவ் திறக்காமல் போவது அபூர்வம். ஆனால் ஜர்னல் காப்பாற்றுவது ஃபைல் அமைப்பின் ஒழுங்கை, கடைசி அரை நிமிடம் நீங்கள் தட்டியதை அல்ல. டேட்டாபேஸ்கள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் "டிஸ்குக்குப் போய்ச் சேர்ந்ததா" என்று கேட்டு நின்று உறுதி செய்துகொள்ளும். அதனால்தான் அவை மெதுவாக எழுதுவது போலத் தெரிகிறது. வேகத்துக்காக அந்த உறுதியை அணைக்கச் சொல்லும் யோசனையை எஸ்டேட் கணக்கு மெஷினில் கேட்காதீர்கள்.

யூபிஎஸ் மணிக்கணக்கில் தாங்க வேண்டியதில்லை. 1 ஜிபி பாக்கியை விநாடிக்கு 100 எம்பி எழுதும் டிஸ்க் 10 விநாடியில் அடைத்துவிடும். ஷட் டவுனுக்கு இன்னும் ஒரு நிமிடம். சிக்கல் பேட்டரியில்தான் வரும். பழசானால் விளக்கு பச்சையாகவே இருக்கும், சுமை ஏறியதும் 5 விநாடியில் படுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எல்லா ஃபைலையும் மூடி "சிங்க்" தட்டிவிட்டு, யூபிஎஸ்சின் சுவர் பிளக்கைப் பிடுங்கி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். 3 நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் பேட்டரியை மாற்றுங்கள்.